கிடங்கில் உறங்கும் பணம்

குதிரில் நெல்லைக் கொட்டி வைக்கும் உழவர், அதில் ஒரு பங்கு எலிக்கும் அந்துப்பூச்சிக்கும் போகும் என்பதை அறிந்தே வைக்கிறார். விதைக்கும் உணவுக்கும் நெல் வேண்டும் என்பதால் அவ்விழப்பை ஏற்றுக்கொள்கிறார். தொழிற்சாலைக் கிடங்கில் அடுக்கப்பட்டிருக்கும் எஃகுத் தகட்டுச் சுருள்களைக் காண்பவர்க்கு இத்தகைய எண்ணம் எழுவதில்லை. ஆனால், ஓராண்டுக் காலம் கிடங்கில் இருக்கும் நூறு ரூபாய்ச் சரக்கு, இருபது ரூபாய்க்கு மேலும் செலவு வைத்துவிடக்கூடும். அச்செலவுக்கென எவரும் தனியாக விலைச்சீட்டு அனுப்புவதில்லை. வட்டி, வாடகை, கூலி, தேய்மானம் எனப் பல தலைப்புகளில் அது சிதறிக் கிடக்கிறது.

இச்செலவைக் கணக்கிடும் முறையை அறியத் திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி பொருத்தமான இடமாகும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் 1998-இல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை 2010-இலும், டைம்லர் சரக்குந்து ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-இலும் செயல்படத் தொடங்கின. அவற்றைச் சுற்றி உதிரிப்பாகம் செய்யும் சிறு, குறு தொழிலகங்கள் பெருகின. தேவைப்படும் பொருள் தேவைப்படும் வேளையில் மட்டும் வந்து சேர வேண்டும் என்பது ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் வளர்த்தெடுத்த முறை. வாகன ஆலைகள் பலவும் இன்று இதனைப் பின்பற்றுகின்றன. இதனால் இருப்பு முற்றிலும் மறைந்துவிடுகிறது எனக் கருதுதல் பிழை. ஆலையின் கிடங்கில் குறையும் இருப்பு, பல வேளைகளில் உதிரிப்பாகம் தருபவரின் கிடங்கிலும் சாலையில் ஓடும் சரக்குந்திலும் போய்த் தங்குகிறது. செலவைத் தாங்குபவர் மாறுகிறார், அவ்வளவே. ஆகவே இக்கணக்கு பெருநிறுவனத்தைவிடச் சிறுதொழில் முனைவோர்க்கே மிகவும் இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டு

நாற்பது தொழிலாளர் பணிபுரியும் ஓர் உதிரிப்பாகத் தொழிலகம் ஒரகடத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதன் ஆண்டு இலாபம் 12 இலட்சம் ரூபாய். முதலில் காண வேண்டியது சராசரி இருப்பின் மதிப்பு. மார்ச் 31 அன்று எடுத்த கணக்கின்படி இருப்பு 22 இலட்சம் ரூபாய். ஆனால் ஆண்டு முடிவில் கொள்முதலைக் குறைத்துக்கொள்வது பலரின் வழக்கம். பன்னிரண்டு மாத இறுதி இருப்புகளையும் கூட்டிச் சராசரி கண்டபோது 40 இலட்சம் ரூபாய் வந்தது. ஒரே ஒரு நாளின் இருப்பை நம்பியவர் ஏறத்தாழப் பாதிச் செலவைக் காணாமலே விட்டிருப்பார்.

இனிச் செலவுகளைக் காண்போம். கொள்முதலுக்கு வங்கியில் பெற்ற ரொக்கக் கடனின் வட்டி 11 விழுக்காடு. 40 இலட்சத்திற்கு 4,40,000 ரூபாய். கடன் வாங்காமல் சொந்தப் பணத்தைப் போட்டிருந்தாலும் இவ்வினத்தை விட்டுவிடலாகாது. அப்பணம் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய வருவாய், வாய்ப்புச் செலவாகக் கணக்கில் ஏறும். கிடங்கு வாடகை 2,40,000, கிடங்குக் காப்பாளர் ஊதியம் 1,80,000, மின்சாரமும் சரக்கைத் தூக்கி அடுக்கும் செலவும் 60,000, காப்பீடு 20,000. துரு, உடைவு ஆகியவற்றால் 60,000 இழப்பு.

எஞ்சியிருப்பது, பலர் எழுத மறக்கும் இனமாகிய வழக்கொழிவு. ஊர்தியின் வடிவமைப்பு மாறினால், பழைய வடிவத்திற்கெனச் செய்து வைத்த பாகம் ஒரே நாளில் மதிப்பிழக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசு நெறி நடைமுறைக்கு வந்தபோது, நிலை 4 எஞ்சின்களுக்கென உருவான பாகங்கள் சில புதிய ஊர்திகளுக்குப் பயன்படாமற் போயின. நம் தொழிலகம் இவ்வாறு தேங்கியவற்றைக் காயலான் கடை விலைக்கு விற்றதில் 1,20,000 ரூபாய் இழந்தது எனக் கொள்வோம்.

மொத்தம் 11,20,000 ரூபாய். இது சராசரி இருப்பில் 28 விழுக்காடு. ஆண்டு இலாபத்திற்கு ஏறக்குறைய இணையானது. இத்தொகை ஏற்கெனவே பல தலைப்புகளில் கழிக்கப்பட்ட பிறகே அந்த இலாபம் வந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இங்கு ஒரு தவறு நேர்வதுண்டு. இருப்பைப் பத்து இலட்சம் குறைத்தால் 28 விழுக்காடு, அதாவது 2,80,000 ரூபாய் மிச்சமாகும் என முடிவு செய்தல் கூடாது. சரக்குக் குறைந்தது என்பதற்காகக் கிடங்கின் உரிமையாளர் வாடகையைக் குறைக்கமாட்டார். காப்பாளர் ஊதியமும் குறையாது. இருப்போடு சேர்ந்து ஏறி இறங்குபவை வட்டி, காப்பீடு, துரு, வழக்கொழிவு ஆகியவையே. அவற்றின் கூடுதல் 6,40,000 ரூபாய், அதாவது 16 விழுக்காடு. ஆகவே உண்மையான மிச்சம் 1,60,000 ரூபாய். நிலவரத்தை அறிய 28 விழுக்காடும், முடிவெடுக்க 16 விழுக்காடும் பயன்படும்.

எவ்வளவு வாங்குவது?

அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் 1913-இல் இவ்வினாவுக்கு ஒரு வாய்பாடு தந்தார். வணிகக் கணிதத்தில் இது மிகு ஆதாயக் கோருதல் அளவு எனப்படும். ஆண்டுத் தேவையை ஒருமுறைக் கோருதல் செலவால் பெருக்கி, இருமடங்காக்கி, ஓர் அலகின் ஆண்டு இருப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். நம் தொழிலகத்திற்கு ஆண்டுக்கு 12,000 பேரிங்குகள் தேவை. ஒன்றின் விலை 150 ரூபாய். 16 விழுக்காட்டின்படி அதன் ஆண்டு இருப்புச் செலவு 24 ரூபாய். ஒருமுறை கோருவதற்கு 1,000 ரூபாய் செலவாகும். விடை 1,000 பேரிங்குகள். அதாவது மாதம் ஒருமுறை வாங்குதல். கோருதல் செலவு 12,000, சராசரி இருப்பான 500 பேரிங்குகளின் செலவு 12,000. ஆக 24,000 ரூபாய்.

மூன்று மாதத் தேவையை மொத்தமாக வாங்கினால் ஒன்றுக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி தருவதாக விற்பனையாளர் கூறுகிறார். ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஆதாயம் என்பது கேட்க இனிமையானதே. ஆனால் அப்போது கோருதல் செலவு 4,000 ஆகக் குறையும். இருப்புச் செலவோ ஏறத்தாழ 36,000 ஆக உயரும். கூடுதல் சுமை 16,000 ரூபாய் அளவில் வருவதால் தள்ளுபடியை ஏற்பவர் நட்டமடைகிறார்.

மழைக்கால இருப்பு

அப்படியானால் இருப்பே வேண்டாமா? 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. சாலைகள் நீரில் மூழ்கின. சென்னையைச் சுற்றியுள்ள வாகன ஆலைகள் பல உற்பத்தியை நிறுத்தின. உதிரிப்பாகம் வரவில்லை, தொழிலாளரும் வர இயலவில்லை. இத்தகைய தடைக்கென ஒதுக்கி வைப்பது பாதுகாப்பு இருப்பு. அதனையும் விலையறிந்தே வைத்தல் வேண்டும். ஏரிகள் நிறைந்த இப்பகுதியில் தாழ்நிலத்துக் கிடங்கில் வைத்தால் அந்த இருப்பே முதலில் நனையும் என்பது வேறு.

ஆண்டுக்கு 300 வேலைநாள் எனில் நாளொன்றுக்கு 40 பேரிங்குகள் தேவை. பத்து நாள் பாதுகாப்பு இருப்பு 400 பேரிங்குகள். அதற்கு ஆண்டுச் செலவு 9,600 ரூபாய். நாற்பது தொழிலாளர்க்கும் ஒரு நாள் கூலி தலைக்கு 600 ரூபாய் எனில், வேலையின்றிக் கழியும் ஒரே நாளின் கூலி 24,000 ரூபாய். வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டிய பேரிங்கிற்குப் பத்து நாள் இருப்பு தகும். சென்னையிலேயே மறுநாள் கிடைத்துவிடும் எஃகுச் சுருளுக்கு இரண்டு அல்லது மூன்று நாள் இருப்பே போதும்.