வழியில் விழுந்து கிடந்தவனும், வழியில் நின்றுபோன நாங்களும்

வேத வாசிப்பு: லூக்கா 10:25-37, அப்போஸ்தலர் 28:1-10

இந்த மாதப் பாடம் பிரயாணத்தில் அந்நியர் காட்டும் தயவைப் பற்றியது. வழக்கம்போல முதலில் வசனத்தை விளக்கி, பிறகு சாட்சி சொல்வது நம் முறை. இந்தத் தடவை சாட்சியை முதலில் எழுதுகிறேன். ஏனென்றால் அது எனக்கு விரோதமான சாட்சி!

2017 மே மாதம் ஒரு சனிக்கிழமை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம் ஒன்றில் இராக்கூட்டம். செங்கல்பட்டிலிருந்து வேனில் ஒன்பது பேர் புறப்பட்டோம். கீபோர்டு, ஸ்பீக்கர் பாக்ஸ், சின்னப்பிள்ளைகள் இரண்டு பேர், எல்லாம் ஒரே வேனில். திருக்கழுக்குன்றம் வருவதற்கு முன்னே, புளியமரத்தடியில் ஒரு பைக் சரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு வாலிபன், ஒரு காலை மடக்கியபடி விழுந்து கிடந்தான். சுற்றி ஒருவரும் இல்லை. வேன் ஓட்டின தம்பி பிரேக்கில் கால் வைத்து, "நிறுத்தட்டுமா பாஸ்டர் ஐயா?" என்று கேட்டான்.

"நேரமாயிடுச்சு தம்பி. போலீஸ் கேஸாயிடும். பின்னாடி வர்றவங்க யாராவது பாப்பாங்க, நீ போ" என்றேன்.

வேன் போய்விட்டது. கொஞ்ச தூரம் வரை ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு சகோதரி பாட்டு எடுத்தார்கள், எல்லோரும் சேர்ந்து பாடினோம். அன்று இரவு நான் கொடுத்த செய்தியின் தலைப்பை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிறனிடத்தில் அன்பு!

இப்போது வேதத்துக்கு வருவோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதை ஏறக்குறைய 27 கிலோமீட்டர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் நம்முடைய ரோடு ஏரிக்கரையும் வயலுமாகச் சமமாகப் போகிறது. அந்த வழியோ வறண்ட மலைகளுக்கு நடுவே ஆயிரம் மீட்டருக்குமேல் இறங்குகிறது. எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிற பட்டணம். கள்ளர் ஒளிந்துகொள்ள வசதியான வழி.

ஆசாரியன் தேவாலயத்துக்கு அவசரமாய்ப் போனான், பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று ஒதுங்கினான் என்று நாம் பிரசங்கிக்கிறோம். நானே பலமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். 31-ம் வசனத்தைக் கவனித்து வாசியுங்கள். அவன் அந்த வழியாய் இறங்கி வந்தவன். எருசலேமிலிருந்து கீழே போகிறவன்! அதாவது ஆலய வேலைக்கு ஓடுகிற அவசரம் அவனுக்கு இருந்ததாக வேதம் சொல்லவில்லை. அந்தச் சாக்கை அவனுக்கு நாம்தான் தேடிக் கொடுத்தோம். நமக்கும் அப்படி ஒன்று தேவைப்படுகிறதல்லவா?

சமாரியனோ எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான். தன் மிருகத்தின்மேல் ஏற்றினான். அப்படியென்றால் மிச்ச வழியை அவன் நடந்திருக்கவேண்டும். சத்திரத்தில் இரண்டு பணம் கொடுத்தான். மத்தேயு 20-ம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பணம் பேசப்படுகிறது. ஆகவே இரண்டு நாள் கூலி. அதற்குமேல் செலவானாலும் தருகிறேன் என்று கடனும் ஏற்றுக்கொண்டான். விழுந்தவனின் பெயர் என்ன, ஊர் என்ன, எந்த ஜாதி என்று அவன் விசாரித்ததாக ஒரு வார்த்தையும் இல்லை.

அன்று இரவுக்குத் திரும்புகிறேன். கூட்டம் முடிந்து, சாப்பிட்டு, பதினொரு மணிக்குமேல் அதே ரோட்டில் திரும்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்சக்கரம் பஞ்சர். இறங்கிப் பார்த்தால் ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். பஸ் கிடையாது. கார்கள் இரண்டு மூன்று வந்தன. கையைக் காட்டினோம், நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயுமில்லை.

சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. கதவை இழுத்துச் சாத்தப்போன அம்மா எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுப்பைப் பற்ற வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பால், எங்களுக்கு டீ. உள்ளே படுத்திருந்த வீட்டுக்காரரை எழுப்பினார்கள். அவர் மீன் ஏற்றும் லோடு ஆட்டோ வைத்திருப்பவர். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு, நம் டிரைவர் தம்பியையும் ஏற்றிக்கொண்டு, பஞ்சர் கடைக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, ஒட்டிக்கொண்டு வந்தார். வர ஒரு மணி ஆயிற்று. கடைச் சுவரில் அவர்கள் கும்பிடும் சாமி படம், அதன் முன்னே அணைந்த ஊதுவத்தி. நான் அந்தப் பெஞ்சில் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேச்சுவாக்கில் அந்த அம்மா சொன்னார்கள்: "இன்னிக்கி சாயந்தரம்கூட ஒரு புள்ள உழுந்து கெடந்துச்சு சாமி. எங்கூட்டுக்காரருதான் அள்ளிப்போட்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு. வந்து இப்பதான் படுத்தாரு."

டீ தொண்டையில் இறங்கவில்லை.

அப்போஸ்தலர் 28-ம் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பல் உடைந்து 276 பேர் மெலித்தா தீவில் கரை சேர்ந்தார்கள். மழை, குளிர். அந்தத் தீவார் நெருப்பு மூட்டி எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் காட்டிய தயவுக்கு லூக்கா வைத்த கிரேக்க வார்த்தை பிலாந்த்ரோப்பியா, அதாவது மனுஷர்மேல் உள்ள அன்பு. பவுலைப் பாம்பு கடித்தபோது இவன் கொலைபாதகன் என்று நினைத்தவர்களும் அவர்களே. நினைத்த பிறகும் நெருப்பைவிட்டு அவனைத் துரத்தவில்லை. மூன்று மாதம் அங்கே தங்கினார்கள். அந்தத் தீவில் இத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று லூக்கா எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த உபகாரத்தை மறக்காமல் எழுதி வைத்தான். பெற்ற நன்மையை வேறு மார்க்கத்தார் செய்தார்கள் என்பதற்காகச் சபையில் சொல்லத் தயங்குகிற நாம் இதை வாசிக்கவேண்டும்.

நம் தமிழ்நாட்டிலும் இந்தத் தயவு புதிதல்ல. வழிப்போக்கருக்குச் சத்திரம், வீட்டுக்கு வெளியே திண்ணை, கோடையில் தண்ணீர்ப்பந்தல். பழைய ரோட்டோரங்களில் இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கியைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். தலைச்சுமையை இறக்க ஆள் இல்லாத வழியில், ஒரு குடும்பத்தின் துக்கம் யாரென்றே தெரியாதவனுக்கு இளைப்பாறுதலாயிற்று. கலாத்தியர் 6:2-ஐ இதோடு சேர்த்துத் தியானியுங்கள்.

"போலீஸ் கேஸாயிடும்" என்றேனே, அதையும் ஆராய்ந்தேன். நான் அப்படிச் சொல்வதற்கு ஒரு வருஷம் முன்னமே, 2016 மார்ச் 30-ல், உச்ச நீதிமன்றம் அந்தப் பயத்துக்கு முடிவு கட்டியிருந்தது. விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவர் பெயரும் விலாசமும் சொல்லவேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது. ஆஸ்பத்திரியில் அவரிடம் பணம் கேட்டு நிறுத்தி வைக்கக்கூடாது. சாட்சி சொல்ல அவராக விரும்பினால்தான் விசாரிக்கலாம். பின்பு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்த்தார்கள். நல்ல மனதோடு உதவப்போய், கைத்தவறுதலாய் ஏதாகிலும் நேர்ந்தாலும் உதவினவர்மேல் வழக்கு இல்லை. அந்தச் சட்டத்தில் அவருக்கு வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? நல்ல சமாரியன்! தேசத்தின் சட்டப் புஸ்தகம் லூக்கா 10-ஐ அறிந்திருக்கிறது. தமிழக அரசு அறிவிப்புகளில் நற்கருணை வீரர் என்கிறார்கள். கத்தோலிக்க சகோதரருக்கு நற்கருணை என்றால் திருவிருந்து. அதுவும் நினைத்துப் பார்க்க நல்லதுதான்.

2021 டிசம்பர் 18-ல், இதே செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில், இன்னுயிர் காப்போம் திட்டம் தொடங்கப்பட்டது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. எந்த ஊர்க்காரர் என்ற பேதம் இல்லை. 108 ஆம்புலன்ஸ் 2008 முதலே தமிழ்நாட்டில் ஓடுகிறது. ஆகையால் பிரயாணம் போகும் விசுவாசிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் 108-க்குப் போன் போட்டு இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நம் ஜனங்கள் பாசத்தில் செய்கிற பெரிய தப்பு இது. கழுத்தையும் முதுகையும் திருப்பாதீர்கள், புரட்டாதீர்கள். ஜெபிக்கிறவர்கள் ஜெபியுங்கள், கை அழுத்திப் பிடித்தபடியே இருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கடைக்குப் போனேன். அன்று இரவு பஞ்சர் ஒட்டிய கூலியைத் தவிர அவர்கள் எதுவும் வாங்கவில்லை. பாலுக்குக்கூட காசு வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் ஒரு கவரில் கொஞ்சம் பணம் வைத்து நீட்டினேன். "இதெல்லாம் எதுக்கு சாமி" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். அந்த வாலிபன் என்ன ஆனான் என்று கேட்டேன். காலில் கம்பி வைத்திருக்கிறார்களாம், பிழைத்துக்கொண்டானாம். அவன் தாயார் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அழுதுவிட்டுப் போனார்களாம்.

"உங்களுக்கு அந்தப் புள்ளய முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்கள்.

"பார்த்தோம்மா. அன்னிக்கு சாயந்தரம் நாங்கதான் மொதல்ல பார்த்தோம். நிறுத்தாம போயிட்டோம்" என்றேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்கள். பிறகு கிளாஸைக் கழுவி, டீயை ஆற்றி எனக்கு முன்னே வைத்தார்கள்.

"ஆறிடப்போவுது, குடிங்க சாமி."