பழைய போர் ஊர்தியும் நால்வகை மெய்ப்பாடும்

ஒருவர் புதிய கார் வாங்கினால் அண்டை வீட்டார் விலையைக் கேட்பர். பழைய கார் வாங்கினால் காரணத்தைக் கேட்பர். பழைய போர் ஊர்தி ஒன்றை வாங்கி வந்து தெருவில் நிறுத்தினாலோ, வியப்பவர் சிலர், சிரிப்பவர் சிலர், ஒதுங்கி நிற்பவர் சிலர், அருகில் நின்று தோள் நிமிர்த்திப் படம் எடுத்துக்கொள்பவர் சிலர். வண்டி ஒன்று, உணர்ச்சி நான்கு! இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது?

இதனை ஆராயத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நமக்குத் துணை செய்யும். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் மருட்கை, நகை, அச்சம், பெருமிதம் என்னும் நான்கு நமக்கு இங்கே போதும். ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்பது அவர் கோட்பாடு.

எடுத்துக்காட்டாக வில்லிஸ் ஜீப்பைக் கொள்வோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ், போர்டு ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. பர்மாப் போர்முனையிலும் அவை ஓடின. போர் முடிந்தபின் இந்நாட்டில் எஞ்சிய படைப் பொருள்கள் விற்கப்பட்டபோது, ஜீப்புகளும் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1945இல் தொடங்கி, 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து மும்பை மசகானில் பூட்டி விற்கத் தொடங்கியது. ஆதலின் ஜீப்பு இம்மாநகருக்குப் பழைய உறவு.

முதலில் மருட்கை. வியப்பு என்பதும் இதுவே. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன இதன் களன்கள். பெரிய பொருள் மட்டும் வியப்புத் தருவதில்லை. சிறியதும் தரும் என்றார் அப்புலவர். ஏறத்தாழ 1,100 கிலோ எடை, 60 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் விசை, மடித்துப் படுக்கவைக்கும் முன்கண்ணாடி: இவ்வளவே ஜீப்பு. இச்சிறிய வண்டியா சேற்றிலும் மலையிலும் படையைச் சுமந்தது என்று இளைஞர் கண் விரிகிறது. ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாக மாறுதல். போருக்குப் பிறந்த வண்டி பின்னாளில் மருத்துவரையும் நில அளவையாளரையும் சிற்றூர்களுக்கு ஏற்றிச் சென்றது அன்றோ? அதுவும் வியப்பே.

இரண்டாவது நகை. எள்ளல் இதன் களன்களுள் ஒன்று. "காய்கறி வாங்கக்கூட உதவாத இரும்பு எதற்கு?" என்று கேட்டுச் சிரிப்பவரை நாம் கண்டிருக்கிறோம். அச்சிரிப்பில் உண்மையும் இல்லாமல் இல்லை. 50 ஆண்டு கடந்து, முதல் உருவம் மாறாத தனி ஊர்திகளைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிய 2021இல் நடுவண் அரசு விதி வகுத்தது. புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்வாறு பதிந்தபின் கண்காட்சி, ஆராய்ச்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கே அதனைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆகாது. பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டவர் சிரிக்காமல் என் செய்வர்?

மூன்றாவது அச்சம். இங்குத்தான் நாம் நின்று எண்ண வேண்டும். அணங்கு, விலங்கு, கள்வர் ஆகிய மூன்றோடு இறை, அதாவது தம்மை ஆளும் அரசு, என்பதையும் அச்சத்தின் களனாக வைத்தார் தொல்காப்பியர். என்ன நுட்பம்! சிற்றூரில் ஜீப்பின் ஒலி கேட்டால், "யார் வருவது? போலீசா, தாசில்தாரா?" என்று வினவிய தலைமுறை ஒன்று உண்டு. அவர்கள் வண்டியைக் கண்டு அஞ்சவில்லை. அதில் ஏறிவந்த அதிகாரத்தைக் கண்டு அஞ்சினர்.

தாராவியை எண்ணுங்கள். 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் மும்பையில் கலவரம் மூண்டது, தாராவியும் தப்பவில்லை, படையினர் நகருக்குள் வரவழைக்கப்பட்டனர். படை ஊர்தியைக் கண்டு "பிழைத்தோம்" என மூச்சு விட்டவரும் இருப்பர். நடுங்கிக் கதவைச் சாத்தியவரும் இருப்பர். அவர்களுள் ஒருவர் இன்று முதிய பாட்டியாய் வாயிலில் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். ஆலிவ் பச்சை நிறத்தில் ஒரு ஜீப்பு வந்து நின்றால் அவர் காண்பது நம் அருங்காட்சிப் பொருளை அன்று. தம் பழைய இரவுகளை. ஈழப் போரில் ஊர் இழந்த தமிழர்க்கும் இஃது ஒக்கும். இவர்களை அறியாதார் என இகழலாமா?

சட்டமும் இதனோடு ஒத்துச் செல்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் ஊர்தி விதிகளுள் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறையின் ஊர்தியன்றிப் பிறிது எதற்கும் ஆலிவ் பச்சை பூசலாகாது என்கிறது. படை ஊர்திகளின் எண் பலகையில் வரும் அம்புக்குறியும் தனியார்க்கு உரியதன்று. பழைய கோலத்தை அப்படியே காக்க விரும்புவோர்க்கு இது மனக்குறையே. ஆயினும் விளைவு நன்று: ஊர்தி உன்னுடையதாகலாம், அதிகாரத்தின் உடை உன்னுடையதாகாது.

இறுதியாகப் பெருமிதம். கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன இதன் களன்கள். உற்று நோக்குக: உடைமை இப்பட்டியலில் இல்லை! தறுகண்மையும் அதன் புகழும் போர்முனையில் நின்றவர்க்கு உரியன. வண்டியை விலைக்கு வாங்கியவருக்கு அவை சேரா. உரிமையாளருக்கு எஞ்சுவன இரண்டு. ஒன்று கல்வி. குர்லாவின் உதிரிப் பொருள் கடைகளில் அலைந்து பொருத்தமான பாகம் தேடுவதும், பொறியைக் கழற்றிப் பூட்டக் கற்பதும், அவ்வண்டி எங்கே ஓடியது என ஆராய்வதும் கல்வியே. மற்றொன்று கொடை. கற்றதைத் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஏறி அமரச் செய்து, அஞ்சுவோர் வாயிலிலிருந்து வண்டியைச் சற்றே தள்ளி நிறுத்துவதும் கொடையே. இவ்விரண்டும் உடையவரே பெருமிதம் கொள்ளத் தக்கவர்.

மாணவ நண்பர்களே! மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அத்தகைய வண்டி ஒன்றைக் காண நேர்ந்தால், வண்டியைப் பார்த்தபின் சூழ நிற்போர் முகங்களையும் பாருங்கள். யார் நெருங்குகிறார், யார் விலகுகிறார் எனக் குறித்துக்கொள்ளுங்கள். நெருங்கியவரிடம் வண்டியைப் பற்றிப் பேசுங்கள். விலகியவரிடம் அவரைப் பற்றிக் கேளுங்கள். வரலாறு பெரும்பாலும் இரண்டாமவரிடம் இருக்கும்.