குழாயினூடு செல்லும் வாயுவின் வெப்பவிழப்பு

சூடான வாயு குழாயினூடு செல்லும்போது வழியில் எவ்வளவு வெப்பத்தை இழக்கின்றது என்னும் வினா பரீட்சைத் தாளுக்கு மாத்திரம் உரியதன்று. நம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் உலையிற் சூடாக்கப்பட்ட காற்றே உலர்த்தும் பொறியை அடைந்து தேயிலையின் ஈரத்தைப் போக்குகின்றது. அக்காற்று வழியிற் குளிர்ந்துவிடின் தேயிலை செவ்வனே உலராது, விறகும் வீணாகும். ஆதலின் இக்கணக்கை எடுத்துக்காட்டொன்றின் வாயிலாக ஆராய்வோம்.

0.3 மீற்றர் விட்டமும் 20 மீற்றர் நீளமும் உடைய உருக்குக் குழாயொன்றில், செக்கனுக்கு 0.5 கிலோகிராம் காற்று, சதமவளவை 100 பாகையிற் புகுகின்றதெனக் கொள்வோம். சுற்றாடலின் வெப்பநிலை 25 பாகை. காற்றின் தன்வெப்பம், கிலோகிராமுக்குப் பாகையொன்றுக்கு ஏறத்தாழ 1,010 யூல். ஆகவே இக்காற்றோட்டம் ஒரு பாகை குளிர்வதற்குச் செக்கனுக்கு 505 யூல், அஃதாவது 505 உவாற்று, வெளியேறல் வேண்டும்.

வெப்பம் வெளியேறுங்கால் மூன்று தடைகளைக் கடக்கின்றது. முதலாவது, குழாயின் உட்புறத்திற் காற்றிலிருந்து சுவருக்குச் செல்லும் மேற்காவுகை. இரண்டாவது, சுவரினூடு நிகழும் கடத்தல். மூன்றாவது, வெளிப்புற மேற்காவுகையும் கதிர்வீசலும். சதுர மீற்றருக்குப் பாகையொன்றுக்கு உள்ளே 20 உவாற்றும் வெளியே 10 உவாற்றும் கடப்பதாகக் கொண்டால், அவற்றின் தலைகீழ்ப் பெறுமானங்களாகிய 0.05, 0.10 என்பன தடைகளாம். 3 மில்லிமீற்றர் தடித்த உருக்குச் சுவரின் தடையோ 0.00006 மாத்திரமே; அதனை விட்டுவிடலாம். மொத்தத் தடை 0.15, குழாயின் மேற்பரப்பு 18.85 சதுர மீற்றர். ஆகவே பாகையொன்றுக்கு 125.7 உவாற்று வெளியேறும்.

இவ்விடத்திலேயே மாணவர் பலர் தவறுகின்றனர். தொடக்க வித்தியாசமாகிய 75 பாகையால் 125.7 ஐப் பெருக்கி, இழப்பு ஏறத்தாழ 9,400 உவாற்று என்பர். காற்று செல்லச் செல்லக் குளிர்கின்றது; வித்தியாசம் குறையக் குறைய இழப்பும் குறைகின்றது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். குழாயின் நீளம் 100 மீற்றராயின், அவர்தம் முறைப்படி காற்று 7 பாகைக்குக் குளிர்தல் வேண்டும். 25 பாகைச் சுற்றாடலில் அஃது எங்ஙனம் நிகழும்?

நியூற்றன் 1701 இல் வெளியிட்ட குளிரல் விதியைக் குழாயின் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் பிரயோகித்துத் தொகையிடின் உண்மை புலப்படும். 125.7 ஐ 505 ஆல் வகுக்க 0.249 வரும். இயற்கை மடக்கையின் அடியாகிய 2.718 ஐ மறை 0.249 ஆம் அடுக்குக்கு உயர்த்த 0.78 கிடைக்கும். எஞ்சும் வித்தியாசம் 75 இன் 0.78 பங்கு, அஃதாவது 58.5 பாகை. காற்று 83.5 பாகையில் வெளியேறும். இழப்பு ஏறத்தாழ 8,300 உவாற்று. 100 மீற்றர்க் குழாயிலும் விடை 47 பாகையளவில் நிற்குமேயன்றிச் சுற்றாடலின் வெப்பநிலைக்குக் கீழிறங்காது.

இனி, 50 மில்லிமீற்றர் தடித்த கண்ணாடிப் பஞ்சைக் காவலியாகச் சுற்றுவோம். அதன் கடத்தாறு 0.04 எனின், உள்மேற்பரப்பின் அடிப்படையில் மொத்தத் தடை ஏறத்தாழ 1.2 ஆக உயரும். காற்று 97.7 பாகையில் வெளியேறும். இழப்பு 1,200 உவாற்றுக்குச் சற்றுக் குறைவு. முன்னர் இழந்ததில் ஏழிலொரு பங்கே இப்போது இழக்கப்படுகின்றது.

எத்தடை பெரிதோ அதுவே வெப்பவோட்டத்தை ஆளும். உருக்குச் சுவரைத் தடிப்பாக்குதலாற் பயனில்லை. பஞ்சினாற் போர்த்தலே பயன் தரும். விடை கண்டபின், அஃது இயற்கைக்கு ஒவ்வுமோவென ஒருமுறை வினவுதலும் கணக்கின் ஒரு பகுதியேயென நம் மாணவர் உளங்கொள்வாராக.