கடைசி இடம் யாருக்கு? (டி.வி. ரேட்டிங்கும் நம் கணக்குப் பாடமும்)



எனக்கு வீடு திண்டிவனம், படிப்பு விழுப்புரம். இரண்டு ஊர் டீக்கடையிலும் ஒரே பேச்சு: "அந்த ராத்திரிப் பேட்டி நிகழ்ச்சியா? போன வாரம் ரேட்டிங்கே இல்லையாம்பா!" அதோடு தீர்ப்பு முடிந்தது. அந்த ரேட்டிங் எப்படி வருகிறது? வாங்க, பார்க்கலாம்.

எப்படி அளக்கிறார்கள்?

எல்லா வீட்டையும் யாரும் எண்ணுவதில்லை. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் 'பீப்பிள் மீட்டர்' வைக்கிறார்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு பட்டன். டி.வி. முன்னால் உட்கார்ந்ததும் அதை அழுத்த வேண்டும். அழுத்தாதவர் கணக்கில் வரமாட்டார். மற்ற ஜனங்கள் என்ன பார்த்தார்கள் என்பது இதை வைத்துப் போடும் கணிப்புதான். விளம்பரப் பணமும் இதை நம்பித்தான் போகிறது.

ஒரு சின்னக் கணக்கு

மீட்டர் உள்ள வீடுகள் 400 என்று வைத்துக்கொள்வோம். இரவு 11 மணி நிகழ்ச்சியை உண்மையில் 100-க்கு 1 வீடு பார்க்கிறது. அப்படியானால் சராசரியாக 4 வீடு சிக்கும். திட்ட விலக்கம் √(400 × 0.01 × 0.99), அதாவது சுமார் 2. ஆக, ஒரு வாரம் 2 வீடு, மறுவாரம் 6 வீடு வந்தால் ஆச்சரியமில்லை. ரேட்டிங் 0.5-லிருந்து 1.5-க்குத் தாவும். பார்ப்பவர்கள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை!

அதே கணக்கை 100-க்கு 20 வீடு பார்க்கும் எட்டு மணி சீரியலுக்குப் போடுங்கள். சராசரி 80 வீடு, திட்ட விலக்கம் 8. ஆட்டம் பத்தில் ஒரு பங்குதான். ராத்திரி நிகழ்ச்சிக்கோ பாதிக்குப் பாதி! அங்கே 'கடைசி இடம்' என்பது பல நேரம் வெறும் அதிர்ஷ்டம்.

நம்ம ஊர் எங்கே?

முன்பு அளந்தது டாம் நிறுவனம். பல ஆண்டுகள் அதன் மீட்டர்கள் லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களில்தான் இருந்தன. 2011 சென்சஸ்படி விழுப்புரம் 96,253, திண்டிவனம் 72,796. இரண்டுமே கோட்டுக்கு வெளியே!

2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் விஜய் டி.வி.யில் டாக்டர் மாத்ருபூதத்தின் 'புதிரா புனிதமா' இரவில் வந்தது. பாலியல் சந்தேகங்களுக்குப் பதில் சொன்ன நிகழ்ச்சி. வீட்டார் தூங்கியபின் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்க்கிற பையன், மீட்டர் இருந்தாலும் பட்டனை அழுத்துவானா? யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களே கணக்கில் வரமாட்டார்கள்.

2015-ல் 'பார்க்' இந்தியா அளக்கத் தொடங்கி, அதே ஆண்டில் கிராமங்களையும் சேர்த்தது. 2020-ல் டி.ஆர்.பி. மோசடிப் புகார் எழுந்ததும் செய்திச் சேனல்களின் ரேட்டிங் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் திரும்ப வந்தபோது 4 வாரச் சராசரியாகக் கொடுத்தார்கள். சராசரி எடுத்தால் ஆட்டம் குறையும். ஒர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டரை மூன்று முறை வைத்துப் பார்க்கிறோமே, அதே கதைதான்.

எனவே நண்பர்களே, இனி யாராவது "யாருமே பார்க்கலை" என்று சொன்னால், இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை வீட்டில் எண்ணினீங்க? எந்த ஊரில் எண்ணினீங்க?