பூனையின் பிணி அறிதல்

சென்ற ஆண்டு மாரிகாலத்தில் எமது வீட்டுக் கடுவன் பூனை, மணல் தட்டிற் குந்துவதும் ஒன்றும் கழியாது எழுவதுமாக ஓர் இரவு முழுவதும் அலைந்தது. மலச்சிக்கல் எனக் கருதிச் சிறிது பால் வைத்தோம், குடிக்கவில்லை. மறுநாட் காலை கட்டிலின் கீழ் ஒதுங்கிக் கிடந்து, தொட்டாற் சீறியது. மிருக வைத்தியர் அதன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்து, நாளை கொண்டு வந்திருப்பின் காப்பாற்றுவது அரிது என்றார். அடைபட்டிருந்தது மலம் அன்று, சிறுநீர்.

அவரிடம் கேட்டறிந்தவை பூனை வளர்க்கும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் உதவும் என எண்ணி எழுதுகின்றோம்.

பூனை வேட்டையாடும் பிராணி. ஆயினும் பெரிய விலங்குகளுக்குத் தானே இரையாவதும் உண்டு. ஆதலால் நோவை மறைப்பது அதன் இயல்பாயிற்று. வழக்கமாகப் பாயும் யன்னற்படியிற் பாயாமை, உடலை நக்கித் துப்புரவு செய்யாமை, மூலையில் ஒதுங்குதல், தட்டை விட்டு வேறிடத்திற் சிறுநீர் கழித்தல் ஆகியவற்றை நாம் குறும்பென்றும் முதுமையென்றும் தள்ளிவிடுகின்றோம். வைத்தியரோ இவற்றையே நோய்க்குறிகளாகக் கொள்வர். தொண்டைக்குள் எழும் குறுகுறு ஒலியும் மகிழ்ச்சியில் மட்டுமன்றி வேதனையிலும் எழுவதுண்டாம்.

கடுவன் பூனையின் சிறுநீர் வழி நீண்டு ஒடுங்கியது. நுண்ணிய பளிங்குகளும் சளி போன்ற பொருளும் திரண்டு அதனை அடைத்துவிடும். அடைபட்டால் இரத்தத்திற் பொற்றாசியம் பெருகி இருதயத்தைத் தாக்கும். ஓரிரு நாட்களில் உயிர் போகலாம். பெட்டைப் பூனைக்கு இது அரிது. மனக்கலக்கமும் சிறுநீர்ப்பையை அழற்சியுறச் செய்யும் என்று வைத்தியர் கூறி, வீட்டில் ஏதும் மாற்றம் உண்டா என வினவினார். நாம் வீடு மாறி மூன்று கிழமைகளே ஆகியிருந்தன. பெட்டி கட்டும்போது பூனையின் நினைவு எவருக்கு வரும்?

மயக்கமருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கினர். கட்டணம் எமது மாத வாடகையிற் பாதி. பூனையின் மூதாதை வரண்ட நிலத்துக்குரியதாகையால் அது தானாக நீர் அருந்துவது குறைவு என்றும், உலர் உணவைக் குறைத்து ஈரமான ரின் உணவு கொடுக்குமாறும் கூறினர்.

சைவ வீடுகளிற் பூனைக்கும் பருப்புஞ் சோறும் போதும் என்பாருளர். அது தவறு. இறைச்சியிலும் மீனிலும் உள்ள தோறின் என்னும் பொருளைப் பூனையின் உடல் போதியளவு ஆக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் இருதயத் தசை நலியும் என்பதைக் கலிபோர்னியாவில் போல் பியன் என்னும் மிருக வைத்தியரும் அவருடன் ஆய்ந்தோரும் 1987இல் வெளிப்படுத்தினர். விரதம் எமக்குரியது, பூனைக்கன்று.

புறப்படும்போது, நோவுக்குப் பரசிற்றமோல் குளிசையிற் பாதி கொடுக்கலாமா என்று கேட்டோம். வைத்தியர் முகம் மாறிவிட்டது. அம்மருந்தை முறையாகச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க இயலாது கபில நிறமடையும். முகமும் பாதங்களும் வீங்கும். ஒரு குளிசையே கொல்லப் போதும். முதல்நாள் இரவு அக்குளிசை எமது கையில் இருந்தது. பூனை கட்டிலின் கீழ் ஓடியதால் மட்டுமே கொடுக்காது விட்டோம்.

இரவுநேர மிருக வைத்தியசாலையின் தொலைபேசி இலக்கத்தை இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்துள்ளோம்.