ஓராண்டு நாட்குறிப்பைத் திரும்பிப் படிப்பது எப்படி?

நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் டிசம்பர் வந்ததும் எத்தனை நாள் எழுதினோம், எத்தனை நாள் விட்டோம் என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கால் பயனில்லை. நேரமும் இடமும் அளவும் சேர்ந்த வரிகள் எத்தனை தேறுகின்றன என்று பார்க்க வேண்டும். பெரம்பூரில் 1709இல் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அதிலும் இடைவெளிகள் உண்டு. ஆனால் கப்பல் வந்த வேளை, சரக்கு, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருப்பதால், 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததை ஒரு தமிழர் பக்கத்திலிருந்து இன்றும் அறிய முடிகிறது.

முதல் வாசிப்பில் பேனா வேண்டாம்; தொடக்கத்திலிருந்து கடைசிவரை படித்துவிடுங்கள். இரண்டாம் முறை மூன்று வண்ணப் பென்சில்களை எடுத்து, கண்ணால் பார்த்ததையும் பிறர் சொன்னதையும் மனதில் பட்டதையும் தனித்தனியாகக் கோடிடுங்கள். தவறு தெரிந்தால் பழைய வரியை அடிக்காமல், ஓரத்தில் இன்றைய தேதியிட்டுத் திருத்தம் எழுதுங்கள். அடித்துவிட்டால் அன்று நீங்கள் என்ன நம்பினீர்கள் என்பது போய்விடும்.

மூன்றாவது வேலைதான் முக்கியம்: தேதி வரிசையை விட்டு, தண்ணீர், சாலை, விலைவாசி, வீட்டார் உடல்நலம் என்று பொருள்வாரியாக வேறொரு நோட்டில் பிரித்து எழுதுவது. எந்த வரி பயன்படும் என்பது அப்போதுதான் தெரியும். சென்னை வெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 1 அன்று, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. எப்போது எவ்வளவு திறந்தார்கள், எச்சரிக்கை எப்போது வந்தது என்பது நெடுநாள் சர்ச்சையாக இருந்தது. அத்தகைய நாளில் ‘பேய்மழை, பயமாக இருந்தது’ என்ற வரி பிறகு எதற்கும் உதவாது. ‘இரவு 11 மணி, மூன்று படிகளில் இரண்டு மூழ்கிவிட்டன’ என்ற வரி அடுத்த மழைக்கு முன் மின்மோட்டாரை எந்த உயரத்தில் வைப்பது என்பதற்கே விடை சொல்லும்.

கைபேசியில்தான் படங்கள் இருக்கின்றனவே என்பார்கள். தெருவில் தண்ணீர் நின்றதைப் படம் காட்டும். அது வடிய எத்தனை நாள் ஆனது, குழாயில் நல்ல தண்ணீர் எப்போது திரும்பியது என்பதை எழுத்துத்தான் சொல்லும். இப்படிச் சலித்தால் நாட்குறிப்பு வெறும் கணக்குப் புத்தகமாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. மனக்குறையை நீக்கச் சொல்லவில்லை. அதற்குக் காரணமான நிகழ்ச்சியையும் பக்கத்தில் எழுதுங்கள் என்கிறேன். டூப்ளேயின் மனைவி மீது பிள்ளைக்கு இருந்த கசப்பு, நடந்தது இன்னது என்ற விவரத்தோடு வருவதால்தான் வரலாற்றாசிரியர்களுக்குப் பயன்படுகிறது.

கடைசியாக, பொருள்வாரி நோட்டில் எங்கே வரிகள் மெலிந்திருக்கின்றன என்று பார்த்து, வரும் ஆண்டு கவனிக்க வேண்டிய மூன்றே விஷயங்களைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. நாளிதழில் வரும் அன்றைய மட்டத்தையும் உங்கள் வீட்டுக் கிணற்று மட்டத்தையும் ஞாயிறுதோறும் ஒரே வரியில் குறித்து வரலாம்.