இசை வழங்கியும் பொதி காப்போரும்

ஒரு பொருளை ஆக்கியோர் புகழ் பெறுவது உலகியற்கை. ஆக்கிய பொருளை ஆண்டாண்டாகப் பழுது நீக்கிக் காத்து வருவோரை நாம் நினைப்பது அரிது. மென்பொருள் உலகில் இக்காவற்பணி எத்துணை இன்றியமையாதது என்பதை, நான் பயன்படுத்தியும் என் கணினியிலேயே பொதியாகக் கட்டியும் பார்த்த ஓர் இசை வழங்கியைக் கொண்டு விளக்க முயல்கிறேன். கணினியியல் பயிலாத தோழர்களும் இதனைப் பின்தொடரலாம்.

வழங்கி என்பது யாது?

ஆங்கிலத்தில் சர்வர் எனப்படுவதே வழங்கி. இசை வழங்கியானது ஒரு கணினியிலுள்ள பாடற்கோப்புகளை ஆராய்ந்து, பாடல், பாடகர், இசைத்தொகுப்பு என வகைப்படுத்தி, வேறு அறைகளிலுள்ள கருவிகளுக்கு வலையமைப்பின் வழியே அனுப்பும் மென்பொருள். பாடல்கள் ஓரிடத்தில் இருக்கும். கேட்போர் பல அறைகளில் இருப்பர்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு நிறுவனம் 2001-இல் ஓர் இசைக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கென எழுதிய வழங்கியைப் பெர்ல் மொழியில் அமைத்து, குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டது. அவ்வுரிமத்தின்படி மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமத்துடன் பிறர்க்கு வழங்கலாம்.

2006-இல் லாஜிடெக் நிறுவனம் ஸ்லிம் டிவைசஸை விலைக்கு வாங்கியது. 2012-இல் அக்கருவிகளின் வரிசையையே கைவிட்டது. கருவிகளுக்கு இணைய வானொலி முதலியவற்றை இணைத்துத் தந்த தளமும் 2024-இல் மூடப்பட்டது. மூலநிரல் பூட்டிவைக்கப்பட்ட மென்பொருளாயின் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் ஸ்லிம்சர்வர், ஸ்குவீஸ்சென்டர், ஸ்குவீஸ்பாக்ஸ் சர்வர், லாஜிடெக் மீடியா சர்வர் எனப் பெயர் மாறி வந்த அந்த வழங்கி, 2024 முதல் லிரியன் மியூசிக் சர்வர் என்னும் பெயருடன் வாழ்கிறது. உரிமம் உரிமையைத் தந்தது உண்மையே. ஆயினும் உரிமை தானே உழைக்காது; உழைக்க ஆட்கள் வேண்டும். அவ்வுழைப்பு எத்தகையது என்பதை இனிக் காண்போம்.

பொதியின் உறுப்புகள்

மூலநிரலை அப்படியே கொடுத்தால் பெரும்பாலோர்க்குப் பயன்படாது. நிறுவுதற்கு ஏற்றவாறு அதனைக் கட்டித் தருவதே பொதியாக்கம். 1993-இல் தொடங்கிய டெபியன் இயக்குதளத்தின் பொதியைப் பிரித்துப் பார்த்தால் மூன்று உறுப்புகள் தென்படும். முதலாவது, பொதியமைப்பின் பதிப்பெண்ணைக் கூறும் சிறு கோப்பு. இரண்டாவது, பொதியின் பெயர், பதிப்பு, அதற்கு வேண்டிய துணைப்பொதிகள், நிறுவும்போதும் நீக்கும்போதும் இயங்கவேண்டிய குறுநிரல்கள் ஆகியவை அடங்கிய கட்டு. மூன்றாவது, கணினியில் இடவேண்டிய கோப்புகளின் கட்டு.

இவற்றுள் இரண்டாவதே பொதி காப்போரின் பொறுப்பை உணர்த்துவது. பயனர் தாமே மாற்றிய அமைப்புக் கோப்பை, புதிய பதிப்பு கேளாமல் அழித்தல் கூடாது. பொதியை நீக்கினாலும் அமைப்புகள் எஞ்சியிருத்தல் வேண்டும். முற்றும் துடைக்குமாறு பயனர் கட்டளையிட்டால் மட்டுமே அவை போகலாம். அப்போதும் அவர் சேர்த்த பாடல்களைத் தொடலாகாது. வழங்கிக்கெனத் தனிக் கணக்கு ஒன்றையும் குறுநிரல் உண்டாக்குகிறது. வழங்கியில் குறை ஏதும் இருப்பின், அதன் தீங்கு கணினி முழுவதும் பரவாதிருக்கவே இவ்வேற்பாடு.

லாஜிடெக் பெயர் பூண்ட காலத்திலும், டெபியன் பொதியில் அக்கணக்கும் அமைப்புகளைச் சேமிக்கும் அடைவும் ஸ்குவீஸ்பாக்ஸ் சர்வர் என்னும் பழம்பெயரையே தாங்கி நின்றன. முதலில் எனக்கு இது விந்தையாகத் தோன்றியது. எண்ணிப் பார்த்தால் அதன் நன்மை விளங்கும். அடைவின் பெயரை மாற்றினால், பல்லாண்டாகப் பயனர் அமைத்து வைத்தவற்றையெல்லாம் பிழையின்றி இடம்பெயர்க்க வேண்டும். ஒருவர் கணினியில் தவறினும் அவருடைய பட்டியல்கள் காணாமற்போகும்.

நில்லாத பணி

ஒருமுறை கட்டிவிட்டால் போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது. இவ்வழங்கியில் பாடற்கோப்பின் குறிப்புகளைப் படிப்பது ஆடியோ ஸ்கேன் என்னும் கூறு. விரைவு கருதி அதனைச் சி மொழியில் எழுதியுள்ளனர். இத்தகைய கூறுகளைப் பெர்லின் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும், ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனித்தனியே தொகுத்தல் வேண்டும். 2023-இல் வெளிவந்த டெபியன் 12-இல் இருப்பது பெர்ல் 5.36. 2025-இல் வெளிவந்த டெபியன் 13-இல் இருப்பது பெர்ல் 5.40. முன்னதற்குத் தொகுத்த கூறு பின்னதில் இயங்காது. வழங்கியின் நிரலில் ஓரெழுத்தும் மாறாதிருக்க, சுற்றியுள்ள உலகம் மாறியதாலேயே அது நின்றுபோகும். மென்பொருள் துருப்பிடிப்பதில்லை என்பர். பராமரிப்பார் இன்றேல் அதுவும் துருப்பிடிக்கும் என்பதே நான் கற்ற பாடம்.

நாம் செய்யத்தக்கது

இப்பணியில் நமக்கும் இடமுண்டு. "பொதி" என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு தரமும் இரண்டையும் நிகரெனவே கொள்ளும். ஆனால் மென்பொருள் அவற்றை ஒருமுகப்படுத்தாவிடில், ஒருவகையில் தேடுவோர்க்கு மற்றவகையில் பதிந்த பாடல் கிட்டாது. தமிழ்ப் பாடல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நாம் சோதித்துச் சொன்னாலன்றி, தமிழறியாத பராமரிப்பாளர் இக்குறையை எவ்வாறு அறிவார்?

குறையைத் தெரிவிப்போர் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுதல் பயன்தராது. வழங்கியின் பதிப்பு, இயக்குதளம், பெர்லின் பதிப்பு, செய்த செயல்களின் வரிசை, எதிர்பார்த்தது, நேர்ந்தது, பதிவேட்டிலுள்ள பிழைச்செய்தி ஆகியவற்றை ஒழுங்குபடக் குறித்தல் வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவரும் இதனைச் செய்யலாம். விலையின்றிப் பெற்ற பொருளுக்கு நாம் செலுத்தத்தக்க கைம்மாறு இதுவே. தோழர்கள் இவ்விடுமுறையில் ஒரு பொதியையேனும் பிரித்துப் பார்ப்பாராக. ஒரு குறையையேனும் செவ்வனே எழுதி அனுப்புவாராக.